கேளாமல் கேட்கும் இசை

நம் சங்கத்தின் நிர்வாகக் குழு முன்பாக ஒரு யோசனை வந்திருக்கிறது. அன்பர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையாரின் நினைவாகச் சங்கக் கட்டிடம் முழுவதற்கும் ஒலிபெருக்கி அமைத்துத் தர முன்வந்திருக்கிறார். கீழே கூடம், அதை அடுத்த வாசகசாலை, பின்புறத்துச் சமையற்கட்டு, மாடியில் நம் பிள்ளைகளுக்கு மாலைப் பாட வகுப்பு நடக்கும் அறை ஆகிய நான்கு இடங்களிலும் சுவரில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, காலை கதவு திறந்தது முதல் இரவு பூட்டும் வரை மெல்லிய இசை தவழ்ந்துகொண்டே இருக்கும்படி செய்யலாம் என்பது அவருடைய எண்ணம். நல்ல மனத்துடன் சொல்லப்பட்டது. கம்பி இழுக்கும் கூலியைத் தவிரச் சங்கத்துக்குச் செலவும் இல்லை. ஆயினும் குழுவில் இரு கட்சிகள் ஏற்பட்டு, அடுத்த கூட்டத்துக்குள் இப்பகுதியில் இது பற்றி எழுதும்படி செயலாளர் நம்மைப் பணித்தார். ஆதலின் சென்ற இதழில் வாக்களித்திருந்த விஷயத்தை ஒத்திவைத்து இதனை எழுதுகிறோம்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்குச் சங்கீத சாஸ்திரம் தெரியாது. ஓசைக்கு நடுவே உட்கார்ந்து எழுத்து வேலை செய்வது எத்தகையது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். நிலையத்தில் ஒவ்வோர் அறிவிப்புக்கும் முன்னால் ஒலிக்கும் அந்தச் சிறு மணிநாதம் ஒரு நாளில் எத்தனை முறை ஒலிக்கிறது என்று கேட்டால் நம்மால் சொல்ல இயலாது. காதில் விழுவதே இல்லை. ஆனால் இயந்திரம் பழுதுபட்டு அது நின்றுபோன தினங்களில், ஏதோ குறைகிறதே என்று அறையிலுள்ள அத்தனை பேரும் தலை நிமிர்ந்து பார்ப்போம். கேட்கவில்லை என்று நாம் எண்ணியிருந்த ஓசையை உள்ளே எவனோ ஒருவன் விடாது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். இந்த உள்ளிருப்பவனைப் பற்றியதே நம் ஆராய்ச்சி.

கேட்பதற்கென்று அன்றி, இருப்பதற்கென்றே இசை அமைக்கலாம் என்று முதலில் சொன்னவர்களுள் எரிக் சாத்தி என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர். அறையில் நாற்காலியும் மேசையும் கிடப்பதைப் போல இசையும் ஒரு பக்கம் கிடக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே அதற்குத் தட்டுமுட்டு இசை என்று பொருள்படும் பெயரையே இட்டார். 1920-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து ஓவியக் கூடம் ஒன்றில், நாடக இடைவேளையின்போது அதனை வாசிக்கச் செய்தார். நடந்தது வேறு. வாத்தியம் தொடங்கியதும் சபையோர் பேச்சை நிறுத்தி, தத்தம் ஆசனங்களுக்குத் திரும்பி, மரியாதையாகக் கேட்கத் தலைப்பட்டனர். பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று சாத்தி சுற்றிச் சுற்றி வந்து கூவினாராம். இசை ஒலித்தால் வாய்மூடிக் கேட்பது என்ற பழக்கம் அன்று மனிதரிடம் அவ்வளவு ஊன்றியிருந்தது. நூறு ஆண்டுகளில் அப்பழக்கத்தை எவ்வாறோ போக்கிவிட்டோம்.

போக்கியதில் பெரும் பங்கு ஒரு கம்பெனியைச் சாரும். அமெரிக்க ராணுவத்தில் தகவல் தொடர்புப் படைக்குத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஓவன் ஸ்க்வையர் என்பவர், கம்பி வழியாகவே பல ஒலிகளை ஒரே சமயத்தில் அனுப்பும் முறையைக் கண்டவர். கம்பி வழியே வீடுகளுக்கும் கடைகளுக்கும் இசை வழங்கும் தொழிலுக்கு 1934-இல் 'மியூசாக்' என்று பெயர் சூட்டினர். மியூசிக் என்னும் சொல்லையும், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த கோடாக் நிழற்படப் பெட்டியின் பெயரையும் ஒட்டவைத்த பெயர் அது. முதலில் உணவு விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் ஒலித்த இவ்விசை, பின்னர்த் தொழிற்சாலைகளுக்கும் காரியாலயங்களுக்கும் சென்றது. முற்பகலின் நடுவிலும் பிற்பகலின் நடுவிலும் தொழிலாளிக்குச் சோர்வு தட்டுகிறது. அந்நேரம் பார்த்து இசையின் வேகத்தையும் வாத்தியங்களின் எண்ணிக்கையையும் படிப்படியாக ஏற்றினால் சோர்வு நீங்கி வேலை மிகும் என்று கணக்கிட்டனர். கால்மணி நேரம் ஏறுமுகமான இசை, பிறகு கால்மணி நேரம் மௌனம். பாட்டில் சொற்கள் கூடா. கூர்ந்து கேட்கத் தூண்டும் எதுவுமே கூடாது. கவனத்தை ஈர்த்தால் அது கெட்ட சரக்கு. சங்கீத வரலாற்றில் ரசிகர் கேட்டுவிடக் கூடாதே என்று கவலைப்பட்டு உழைத்தவர்கள் இவர்களாகத்தான் இருப்பர்! 2009-இல் அக்கம்பெனி கடனில் மூழ்கி, 2011-இல் வேறு கை மாறி, 2013-இல் அப்பெயரும் மறைந்தது. ஆனால் அதன் முறை உலகெங்கும் மின்தூக்கியிலும் மருந்துக் கடையிலும் நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் வானொலி நிறுவனமான பி.பி.சி. இதே வேலையை வேறு வழியில் செய்தது. 1940-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி தொடங்கி, போர்த்தளவாடம் செய்யும் ஆலைகளுக்கென்று தினமும் முற்பகலில் அரைமணி, பிற்பகலில் அரைமணி இசை ஒலிபரப்பினர். அந்நிகழ்ச்சி 1967 வரை நடந்தது. ஆலை இரைச்சலுக்கு மேல் தெளிவாகக் கேட்க வேண்டும், தூக்கம் வரும்படியான மெதுவான பாட்டு ஆகாது, காலப்பிரமாணம் தள்ளாடக் கூடாது என்றெல்லாம் விதிகள் வகுத்திருந்தனர். நடுநடுவே கைதட்டல் வரும் ஓர் அமெரிக்கப் பாட்டை, தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுத் தாமும் தட்டத் தொடங்கிவிடுவர் என்று அஞ்சி விலக்கி வைத்தார்கள். தட்டுவதற்குக் கையில் இருப்பது சுத்தியலும் திருகுசாவியும் அல்லவா!

இது நமக்குப் புதிதன்று என்று நேயர்கள் சொல்லலாம். உண்மைதான். ஏற்றம் இறைத்தவர்கள் பாடினர். நடவு நட்ட பெண்கள் பாடினர். பாரம் தூக்கியவர்கள் ஏலேலோ பாடினர். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் உடம்புக்குத் தாளம் துணை என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லித்தான் நாம் அறிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். ஏற்றக்காரன் பாட்டின் வேகத்தை ஏற்றக்காரனே வைத்தான். களைத்தால் பாட்டும் தளர்ந்தது. போதும் என்றால் பாட்டும் நின்றது. கம்பி வழியே வரும் இசையின் வேகத்தை வைப்பவன் வேறிடத்தில் இருக்கிறான், அவனுக்குக் களைப்பில்லை. கல்யாணத்தில் திருப்பூட்டும் வேளையில் கெட்டிமேளம் முழங்குவதும் ஓர் ஏற்பாட்டிசையே. அமங்கலமான சொல்லோ தும்மலோ அழுகையோ யார் காதிலும் விழாதபடி மறைப்பது அதன் காரியம் என்பர். அதற்கும் ஒரு வேளை உண்டு, ஓர் அளவு உண்டு. கையசைத்தால் முழங்கும், முடிச்சு விழுந்தால் அடங்கும். நாள் முழுதும் கெட்டிமேளம் கொட்டுகிற கல்யாணத்தை நாம் கண்டதில்லை.

இனி, கடைவீதிக்கு வருவோம். நம் நகரங்களில் இப்போது எந்தப் பெரிய அங்காடியில் நுழைந்தாலும் மேற்கூரையிலிருந்து இசை பொழிகிறது. அது அலங்காரத்துக்கு என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ரொனால்டு மில்லிமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஒரு பல்பொருள் அங்காடியில் சில நாட்கள் விளம்ப காலத்து இசையும் சில நாட்கள் துரித காலத்து இசையும் ஒலிக்கச் செய்து, ஆட்களின் நடையையும் கடையின் வரவையும் கணக்கெடுத்து 1982-இல் வெளியிட்டார். இசை மெதுவானால் ஆட்களும் மெதுவாக நடந்தனர். மெதுவாக நடந்தவர் கண்ணில் அதிகச் சரக்குப் பட்டது. விற்பனை துரித கால நாட்களைவிட 38 சதவீதம் அதிகமாக இருந்தது. பிறகு அவரே ஓர் உணவு விடுதியில் சோதித்தார். மெதுவான இசை ஒலித்தபோது உண்போர் சராசரி 56 நிமிடமும், விரைவான இசை ஒலித்தபோது 45 நிமிடமும் மேசையில் இருந்தனர். உணவுக்கான செலவு ஏறக்குறைய ஒன்றேதான். மெதுவான இசை நாட்களில் மிகுந்தது குடிவகைச் செலவு. ஆக, கும்பலை விரைவில் காலி செய்ய வேண்டிய கடைக்காரருக்கு ஒரு தட்டு, உட்காரவைத்து வாங்கச் செய்ய வேண்டியவருக்கு வேறொரு தட்டு.

இதைக் காட்டிலும் வேடிக்கையானது இங்கிலாந்தில் நடந்த மதுப்புட்டி ஆராய்ச்சி. அங்காடியில் பிரெஞ்சு மதுவையும் ஜெர்மானிய மதுவையும் அருகருகே அடுக்கி, ஒரு நாள் பிரெஞ்சு இசையும் மறுநாள் ஜெர்மானிய இசையும் மாறி மாறி வைத்தனர். பிரெஞ்சு இசை ஒலித்தபோது 40 பிரெஞ்சுப் புட்டிகளும் 8 ஜெர்மானியப் புட்டிகளும் போயின. ஜெர்மானிய இசை ஒலித்தபோது ஜெர்மானியம் 22, பிரெஞ்சு 12 என்று தராசு சாய்ந்தது. 1997-இல் வெளியான இந்த ஆராய்ச்சியில் நம் மனத்தை உறுத்துவது விற்பனைக் கணக்கன்று. வாங்கியவர்களிடம், இசைக்கும் நீங்கள் எடுத்த புட்டிக்கும் ஏதும் தொடர்புண்டா என்று வினவியபோது, உண்டு என்றவர் மிகச் சிலரே. மற்றவர்கள் தாமாகவே தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, உள்ளிருப்பவன் கேட்டதை அவர்கள் அறியவில்லை.

நல்லதுக்கும் இதே சக்தி பயன்படுகிறது. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிகளின் பதற்றத்தை இசை ஓரளவு தணிக்கிறது என்று காக்ரேன் மருத்துவத் தொகுப்பு 2013-இல் பல சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து கூறியது. நம் உத்தியோகத்தைச் சேர்ந்த உதாரணம் ஒன்றும் உண்டு. ஜப்பானில் வண்டி புறப்படுவதை அறிவிக்கக் கடுமையான மணி அடித்து வந்தனர். பயணிகளுக்கு அது எரிச்சலூட்டியது. 1989-ஆம் ஆண்டு டோக்கியோவின் ஷின்ஜுகு, ஷிபுயா நிலையங்களில் அதற்குப் பதிலாகச் சில விநாடிகளே நீடிக்கும் மெல்லிய இசைத்துணுக்கை அமைத்தனர். பின்பு அது மற்ற நிலையங்களுக்கும் பரவியது. சில விநாடி என்பதைக் கவனியுங்கள். லண்டனில் எல்ம் பார்க் என்னும் நிலையத்தில் 2003 முதல் மேனாட்டுச் சாஸ்திரிய இசையை ஒலிபரப்பியதன் நோக்கமோ விபரீதமானது: வம்பு செய்யக் கூடும் இளைஞர்கள் அதைக் கேட்கப் பிடிக்காமல் அகன்று போகட்டும் என்பது. ஒருவருக்குத் தேன், மற்றவருக்கு வேப்பெண்ணெய். மும்பை மின்சார ரயிலில் காலைப் பயணம் செய்யும் நேயர்கள், ஜால்ராவும் பஜனையுமாகச் செல்லும் பெட்டிகளை அறிவார்கள். பாடுகிறவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் நாளின் மிக இனிய பகுதி. இரவுக் காவல் வேலை முடிந்து தூங்கியபடி திரும்புகிறவனுக்கு அப்படியன்று. இரண்டு பேரும் சீட்டு வாங்கியவர்களே.

இவ்வழக்கு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. வாஷிங்டன் நகரத்து டிராம் வண்டிகளிலும் பஸ்களிலும் வானொலி இசை வைத்தபோது, இறங்க முடியாத பயணியைக் கேட்கும்படி கட்டாயப்படுத்துவது முறையா என்று இரண்டு பயணிகள் வழக்காடினர். 1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரும்பாலோர் ஆட்சேபிக்கவில்லை, இதில் சட்ட மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும், தனித்து விடப்படும் உரிமையே எல்லா உரிமைகளுக்கும் தொடக்கம் என்ற கருத்துப்பட மாறுபட்டு எழுதினார். ஃபிராங்ஃபர்ட்டர் என்ற இன்னொரு நீதிபதியோ, அந்த இசையால் தாமே அவதியுற்று வருவதால் நடுநிலை நிற்க முடியாதென்று வழக்கிலிருந்தே விலகிக்கொண்டார். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க இடம் தருகின்றன. இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆயினும் அவ்விதிகள் தெருவுக்கு. நம் வீட்டுக் கூடத்துக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் அளவு வைக்க வேண்டியவர்கள் நாமே.

இப்போது மாடி அறைக்கு ஏறுவோம். மற்ற மூன்று இடங்களைப் பற்றி நமக்குப் பெரிய கவலை இல்லை. இந்த அறையைப் பற்றித்தான் கவலை.

அங்கே மாலையில் கூடும் நாற்பது பிள்ளைகளில் பலர் ஓர் அறை வீட்டிலிருந்து வருகிறவர்கள். அந்த ஓர் அறையிலே சமையல், பாட்டியின் படுக்கை, தொலைக்காட்சி, விருந்தாளி எல்லாம் அடக்கம். படிப்பதற்கென்று ஓர் இடம் அவர்களுக்கு ஊரிலும் இல்லை, இங்கும் இல்லை. இருப்பது அந்த மாடி அறை ஒன்றே. அதில் இசை வைத்தால் படிப்பு வளருமா, தேயுமா?

வளரும் என்போர் கையில் ஒரு பெரிய பெயர் உண்டு: மொஸார்ட். 1993-இல் ஃபிரான்செஸ் ரவுஷர் என்பவரும் உடனிருந்தோரும் கல்லூரி மாணவர் 36 பேருக்கு மொஸார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்பித்துப் பின்பு வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒரு சோதனை தந்தனர். மதிப்பெண் சற்று உயர்ந்தது. அவ்வுயர்வு கால்மணி நேரத்துக்குள் மறைந்தும் போயிற்று. இவ்வளவுதான் ஆராய்ச்சி சொன்னது. இதில் குழந்தைகள் இல்லை. படிக்கும்போது இசை இல்லை. சோதனைக்கு முன்பு இசை, சோதனையின்போது மௌனம். ஆனால் செய்தி ஊர் ஊராகப் போகும்போது வளர்ந்து, 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் கேட்கும் அளவுக்குப் போயிற்று. பின்னர் ஆராய்ந்தவர்கள், மனம் உற்சாகமடைந்ததால் வந்த சிறு ஊக்கமே அது, மொஸார்ட்டுக்கென்று தனி மாயம் இல்லை என்று காட்டினர்.

படிக்கும்போதே ஒலி இருந்தால் என்ன ஆகிறது என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் வேறு. எண்களையோ சொற்களையோ வரிசைப்படி மனத்தில் வைக்கும் ஒருவர் காதருகே பேச்சொலி கேட்டால், அதைக் கவனிக்காதே என்று சொல்லியிருந்தாலும், மறதி மிகுகிறது. 1976 முதல் பல இடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. அப்பேச்சு தெரியாத பாஷையில் இருந்தாலும் கெடுதல் செய்கிறது. சலாமே, பாட்லி என்னும் இருவர் 1989-இல் இசையை வைத்துப் பார்த்தனர்; சொல் உள்ள பாட்டு, வெறும் வாத்தியத்தைவிட அதிகமாகக் கெடுத்தது. காரணம் எளிது. நாம் படிப்பதை மனத்துக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது; வெளியிலிருந்து வரும் சொல் கேளாமலே அந்தக் குரலின் இடத்தில் வந்து உட்காருகிறது. இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே மேசையில் ஒரே பேரேட்டில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான். பொருளுணர்ந்து படிக்கும் காரியத்திலோ, புரிகிற பாஷையின் பேச்சு மேலும் இடைஞ்சல் செய்கிறது.

பிடித்த பாட்டானால் தொந்தரவில்லை என்று இளைஞர்கள் சொல்வார்கள். அதையும் விடவில்லை. வேல்ஸ் நாட்டில் நிக் பெர்ஹாம் என்பவர், பிடித்த பாட்டையும் பிடிக்காத பாட்டையும் தனித்தனியே வைத்துச் சோதித்து 2011-இல் வெளியிட்டார். வரிசை நினைவை இரண்டுமே மௌனத்தைவிட மோசமாக்கின. பிடித்தது, பிடிக்காதது என்னும் வேற்றுமை அந்த உள்ளிருப்பவனுக்கு இல்லை.

நம்மை மிகவும் யோசிக்கச் செய்தது 1997-இல் லண்டனில் நடந்த இன்னொரு சோதனை. ஃபர்ன்ஹாம், பிராட்லி என்னும் இருவர், கலகலப்பாகப் பழகும் இயல்பினரையும் ஒதுங்கி இருக்கும் இயல்பினரையும் பாட்டின் நடுவே படிக்கவும் நினைவில் வைக்கவும் சொன்னார்கள். ஒதுங்கியிருப்பவர்களே அதிகம் தடுமாறினர். நம் மாடி வகுப்பிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. சுவரோரம் உட்கார்ந்து, ஒன்றும் கேளாமல், ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை. இசை வைத்தால் அதிகமாக இழப்பவள் அவள்; நிறுத்துங்கள் என்று எழுந்து சொல்லப்போகாதவளும் அவளே. கையெழுத்து வாங்கி எண்ணிப் பார்த்தால் இசை வேண்டும் என்போர் கட்சிதான் வெல்லும். அந்தக் கணக்கில் அவள் வரமாட்டாள்.

சென்ற வாரம் இதைப் பற்றி விசாரிக்கும்போது, வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் தாயார் ஒருவர் சொன்னதை மறைப்பது நியாயமன்று. "அண்ணா, எங்கள் வீட்டில் காலையிலிருந்து தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாசலுக்கு வெளியே போனால் எல்லாம் ஹிந்தியும் மராட்டியும். பாட்டையும் நிறுத்திவிட்டால் பையன் காதில் தமிழ் எங்கிருந்து விழும்?" என்று கேட்டார். அருகிலிருந்த அவர் மாமியார், "தம்பி, பாட்டு இல்லாவிட்டால் இந்த வீடே எனக்கு ரயிலடி மாதிரி இருக்கிறது" என்றார். ரயிலடியிலேயே காலம் கழிக்கும் நம்மிடம் சொன்னாரே என்று சிரித்தோம். ஆனால் அவர்கள் சொல்வதில் கனம் உண்டு. பிழைக்க வந்த ஊரில் வீட்டை நம் வீடாக்குவது சுவரன்று, கதவன்று. காதில் விழும் ஓசைதான். அந்தப் பாட்டியின் பாட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்த ஆராய்ச்சிக்கும் இல்லை.

ஆயினும் அந்தத் தாயாரிடம் ஒன்று கேட்டோம்: உங்கள் பையன் அந்தப் பாட்டுகளைப் பாடுவானா? பாடுவான். சொற்களின் பொருள் சொல்வானா? அவர் சற்று யோசித்தார். நாள் முழுதும் பின்னால் ஓடும் பாட்டைக் கேட்காமலிருக்கப் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். நம் அறிவிப்பு மணியை நாம் கேட்காதது போல. கணக்கைக் கெடுக்கும் அளவுக்கு உள்ளே நுழையும் அதே பாட்டு, தமிழைச் சொல்லித்தரும் அளவுக்கு நுழைவதில்லை. ஆறு மணிநேரம் பின்னணியில் ஓடுவதைவிட, இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் பாட்டியும் பேரனும் அருகே உட்கார்ந்து இரண்டு பாட்டைக் கேட்டு, இந்தச் சொல்லுக்கு என்ன பாட்டி என்று அவன் கேட்க, அவர் சொல்வது பன்மடங்கு மேல் என்பது நம் அபிப்பிராயம். மற்ற நேரம் பாட்டியின் காதுக்குக் கருவி உண்டு. பேரன் புத்தகம் மூடிய பின் கூடத்துக்கும் உண்டு.

நம் தொழிலோடு ஒட்டிய மற்றொரு செய்தியையும் குழுவினர் கேட்க வேண்டும். நியூயார்க் நகரில் உயரப் பாலத்தின்மீது ஓடும் ரயில்பாதைக்கு அருகே ஒரு பள்ளிக்கூடம். ஒரு பக்கத்து வகுப்பறைகள் பாதையை நோக்கியவை, மறுபக்கத்தவை அமைதியானவை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்டி கடக்கும். அப்போதெல்லாம் ஆசிரியர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்னும் அம்மையார் இரு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஒப்பிட்டு 1975-இல் வெளியிட்டார். ஆறாம் வகுப்பில், பாதைப் பக்கத்துப் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சுமார் ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பிறகு ரயில்வே நிர்வாகம் தண்டவாளத்தின் அடியில் ரப்பர்த் திண்டுகளை அமைத்தது. பள்ளி நிர்வாகம் வகுப்பறைக் கூரையில் ஒலியை விழுங்கும் பலகைகளை அடித்தது. 1981-இல் அவர் திரும்பச் சோதித்தபோது அந்த வித்தியாசம் நீங்கியிருந்தது. பிள்ளைகளின் மூளையில் ஒன்றையும் மாற்றவில்லை. ரப்பரும் பலகையுமே செய்த காரியம்.

அது இரைச்சல், இது இசை என்று மறுக்கலாம். இசை இனியது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் படிக்கும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது எதுவும் குறுக்கிடாத இடம். அதைக் கொடுத்த பிறகு மற்றவை.

ஆதலின் குழுவினர்முன் நாம் வைப்பது இது. அன்பரின் நன்கொடையை நன்றியுடன் ஏற்கலாம். கூடத்தில் விழா நாட்களிலும், ஞாயிறு மாலை பெரியவர்கள் கூடும்போதும் ஒலிக்கட்டும். கூடத்தின் விசை கூடத்திலேயே, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும். சமையற்கட்டில் பாத்திரம் துலக்குவோரும் காய் நறுக்குவோரும் விரும்பியதை விரும்பிய வேகத்தில் வைத்துக்கொள்ளட்டும். அங்கே இசை மிகவும் பொருந்தும். வாசகசாலைக்கும் மாடி அறைக்கும் கம்பி வேண்டாம். அந்த இரண்டு இடங்களுக்கென்று ஒதுக்கிய கூலித் தொகையில், மாடிக் கதவு அறைந்து சாத்தாமலிருக்க ரப்பர்ப் பட்டையும், நாற்பது நாற்காலிகளின் நூற்றறுபது கால்களுக்கு ரப்பர்க் குப்பியும் வாங்கலாம். நாற்காலி இழுபடும் ஓசை கீழே வாசகசாலை வரை கேட்கிறது. மிச்சம் இருந்தால் தெருப்பக்கத்து ஜன்னலுக்குக் கனத்த திரை ஒன்று. அளவெடுத்து வைத்திருக்கிறோம், ஐந்தடிக்கு நாலடி.